ஒற்றைத் தோட்டா ரைஃபிள்: குறி ஏன் சிதறுகிறது, எங்கே கைவைக்கலாம்?

ஒற்றைத் தோட்டா ரைஃபிளைப் பிரித்து மேசையில் வைத்தால் பெரிய துண்டுகள் மூன்றுதான்: குழல், பின்கட்டையோடு சேர்ந்த ரிசீவர் (சுடும் பொறி அடங்கிய எஃகு உடல்), முன்கட்டை. தோட்டாப் பெட்டி கிடையாது, முன்னும் பின்னும் ஓடித் தோட்டாவை உள்ளே தள்ளும் போல்ட் கிடையாது. ஒரு தோட்டாவைக் கையால் உள்ளே வைக்க வேண்டும், மூட வேண்டும், சுட வேண்டும். அடுத்ததற்கு மறுபடி திறக்க வேண்டும். இவ்வளவு எளிய கருவி எதற்குத் தகராறு செய்யப்போகிறது என்றுதான் வாங்கும்போது தோன்றும்.

முதல் நாள் மைதானத்தில் கதை வேறு மாதிரி போகும். முதல் குண்டு நினைத்த இடத்தில் விழும். இரண்டாவது இரண்டு விரல் மேலே. மூன்றாவது இன்னும் மேலே, கொஞ்சம் வலப்பக்கமாக. நான்காவது ஏனோ முதல் துளைக்குப் பக்கத்திலேயே. சுட்டவர் தன் கையைச் சந்தேகப்படுவார், பிறகு குறிபார்க்கும் தொலைநோக்கியான ஸ்கோப்பை, பிறகு தோட்டாவை. கடைசியில் 'இந்த வகையே இப்படித்தான்' என்று முடிவுகட்டிவிடுவார்.

அந்த முடிவு தவறு. 1874 செப்டம்பரில் நியூயார்க்கை அடுத்த கிரீட்மூரில் அமெரிக்க அணியும் அயர்லாந்து அணியும் 800, 900, 1000 கெஜத் தூரங்களில் மோதின. அயர்லாந்துக்காரர்கள் கொண்டுவந்தவை குழலின் முன்வாய் வழியாக மருந்து கெட்டிக்கும் ரைஃபிள்கள். அமெரிக்கர்களிடம் இருந்தவை பின்வாயில் தோட்டா வைக்கும் ஷார்ப்ஸ், ரெமிங்டன் ஒற்றைத் தோட்டா ரைஃபிள்கள். 934-க்கு 931 என்று அமெரிக்கா வென்றது. (அயர்லாந்து வீரர் ஒருவர் பக்கத்து இலக்கின் நட்டநடுவில் சுட்டு, அந்தக் குண்டுக்குச் சுழியம் வாங்கினார். மூன்று புள்ளிகளில் தோற்ற அணிக்கு அது எத்தனை நாள் உறுத்தியிருக்குமோ!) 1901-இல் ரோலண்ட் என்பவர், ஹாரி போப் செய்த குழல் பூட்டிய ஒற்றைத் தோட்டா ரைஃபிளால் 200 கெஜத்தில் பத்துக் குண்டுகளை 0.725 அங்குலத்துக்குள், அதாவது 2 சென்டிமீட்டருக்கும் குறைவான அகலத்தில் அடக்கினார். இன்று கடையில் வாங்கும் பெரும்பாலான வேட்டை ரைஃபிள்கள் அந்தக் கணக்குக்குக் கிட்டேகூட வராது.

ஆக, வகையில் கோளாறு இல்லை. ஒவ்வொரு முறை சுடும்போதும் ரைஃபிள் அச்சுப்பிசகாமல் ஒரே மாதிரி நடந்துகொள்கிறதா என்பதுதான் விஷயம். இந்த வகையில் அந்த 'ஒரே மாதிரி' கைநழுவிப் போவதற்கென்றே சில இடங்கள் இருக்கின்றன. அவற்றைத் தெரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது.

இரண்டு சொற்கள், ஒரு கணக்கு

குண்டுகள் நெருக்கமாக விழுவது ஒன்று. நினைத்த இடத்தில் விழுவது வேறொன்று. ஐந்து துளைகளும் ஒரு நாணயத்தால் மூடக்கூடிய அளவில், ஆனால் மையத்திலிருந்து ஒரு சாண் தள்ளி விழுந்தால், அது நல்ல ரைஃபிள். ஸ்கோப்பின் குமிழைத் திருகினால் சரியாகிவிடும். மையத்தைச் சுற்றி ஒரு சாண் அகலத்துக்குச் சிதறினால் எந்தக் குமிழும் உதவாது. இந்தத் துளைக் கூட்டத்தைக் கொத்து என்று சொல்லிக்கொள்வோம். முதலில் கொத்தை இறுக்க வேண்டும், பிறகுதான் அதை மையத்துக்கு நகர்த்த வேண்டும்.

கொத்தைச் சுடுபவர்கள் எம்.ஓ.ஏ. என்ற அளவால் சொல்வார்கள். ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்குக் கோணம் அது. 100 மீட்டரில் அது சுமார் 2.9 செ.மீ. அகலம், 200 மீட்டரில் அதுவே இரட்டிப்பு. பெரும்பாலான ஸ்கோப்புகளில் குமிழின் ஒரு 'கிளிக்' கால் எம்.ஓ.ஏ., அதாவது 100 மீட்டரில் ஏறத்தாழ 7 மி.மீ.

இனி கணக்கு. மூன்று குண்டு சுட்டு, கொத்து சின்னதாக வந்தால் படம் எடுத்து வைத்துக்கொள்வதும், பெரிதாக வந்தால் 'கை நடுங்கிவிட்டது' என்று அந்தத் தாளைக் கசக்கிப் போடுவதும் எல்லோரும் செய்வதுதான். குண்டுகளின் எண்ணிக்கை கூடக்கூட கொத்தும் அகலமாவது இயல்பு. ரைஃபிள் துளியும் மாறாமல் இருந்தாலும், ஐந்து குண்டுக் கொத்தின் சராசரி அகலம் மூன்று குண்டுக் கொத்தைப் போல் 1.3 மடங்கு இருக்கும். பத்துக் குண்டு என்றால் 1.6 மடங்கு. எனவே மூன்றையும் ஐந்தையும் ஒப்பிட்டு, 'மாற்றம் செய்த பிறகு மோசமாகிவிட்டது' என்று சொல்வதில் பொருளே இல்லை. ஐந்து குண்டு என்று வைத்துக்கொண்டால் எப்போதும் ஐந்தேதான். மாற்றத்துக்கு முன் மூன்று கொத்து, பின் மூன்று கொத்து. அப்போதுதான் எதையாவது சொல்ல முடியும்.

ஒரு குண்டைப் பார்த்து ஸ்கோப்பைத் திருகும் பழக்கத்துக்கும் இதே கணக்கு வேட்டு வைக்கும். 100 மீட்டரில் சராசரியாக 5 செ.மீ. கொத்து போடும் ரைஃபிளில், தனிக் குண்டு ஒன்று உண்மையான நடுவிலிருந்து இடவலமாக ஒன்றரை சென்டிமீட்டர் விலகுவது சர்வசாதாரணம். அது இரண்டு கிளிக். அந்த விலகலைத் துரத்தி இரண்டு கிளிக் திருகுவீர்கள். அடுத்தது எதிர்ப்பக்கம் விழும், மறுபடி திருகுவீர்கள். சாயங்காலம்வரை ஸ்கோப்தான் ஆடிக்கொண்டிருக்கும், ரைஃபிள் அல்ல.

வேறு எதையும் தொடுமுன்

சில சோதனைகளை முதலில் முடித்துவிட வேண்டும், ஏனென்றால் பாதிப் புகார்கள் இங்கேயே தீர்ந்துவிடும். திறந்து, தோட்டா அறை காலியாக இருப்பதைக் கண்ணாலும் விரலாலும் உறுதி செய்துகொண்ட பிறகே எதையும் தொட வேண்டும். இதை ஒவ்வொரு முறையும் செய்ய வேண்டும்.

ஸ்கோப்பைப் பிடித்திருக்கும் வளையங்களின் திருகுகள், அடித்தளத்தின் திருகுகள் எல்லாம் இறுக்கமாக இருக்கின்றனவா? அடித்தளத் திருகு வளையத்துக்குக் கீழே மறைந்திருப்பதால் அதை யாரும் பார்ப்பதில்லை. தளர்வது பெரும்பாலும் அதுதான். தயாரிப்பாளர் சொன்ன இறுக்கத்துக்கு மேல் போகவும் கூடாது, அளவுக்கு மீறி இறுக்கினால் ஸ்கோப் குழாயே நசுங்கும்.

குழலின் முன்வாயைச் சுற்றியுள்ள விளிம்பைப் பூதக்கண்ணாடியால் பாருங்கள். குண்டு கடைசியாகத் தொடும் இடம் அது. அங்கே ஒரு பக்கம் மட்டும் கீறலோ தேய்மானமோ இருந்தால், பின்னாலிருந்து தள்ளும் வாயு அந்தப் பக்கம் இம்மி நேரம் முந்தி வெளியேறிக் குண்டின் வாலை உதைக்கும். துப்புரவுக் கம்பியை முன்வாய் வழியாக விட்டு இழுப்பதால்தான் இந்தத் தேய்மானம் பெரும்பாலும் வருகிறது. ஒற்றைத் தோட்டா ரைஃபிளில் அந்த அவசியமே இல்லை. திறந்தால் பின்வாயிலிருந்து நேராகப் பார்க்கலாம், அந்த வழியாகவே துடைக்கலாம். இந்த வகையின் சலுகைகளில் இது ஒன்று, பலர் பயன்படுத்துவதில்லை.

அப்புறம் செம்புக் கறை. குண்டின் மேலுறை குழலுக்குள் படலமாக ஒட்டிக்கொண்டே வரும். பழைய ரைஃபிளை வாங்கியிருந்தால், வேறு எதைச் செய்வதற்கு முன்பும் செம்பு கரைக்கும் திரவத்தால் ஒருமுறை நன்றாகச் சுத்தம் செய்துவிட்டுச் சுட்டுப் பாருங்கள். சில ரைஃபிள்கள் அதற்கப்புறம் ஆளே மாறிவிடும்.

கடைசியாகத் தோட்டா. எந்தக் குழலுக்கு எந்தத் தோட்டா ஒத்துப்போகும் என்று யாராலும் முன்கூட்டிச் சொல்ல முடியாது. வெவ்வேறு எடையில் மூன்று நான்கு வகை வாங்கிச் சுட்டுப் பார்ப்பதுதான் வழி. பணம் செலவாகும், ஆனால் ரைஃபிளை இழைக்கத் தொடங்குவதைவிட மலிவு.

முன்கட்டை என்னும் வில்லன்

இதெல்லாம் முடிந்தும் சிதறினால், நான் முதலில் கைகாட்டுவது முன்கட்டையைத்தான்.

போல்ட் ரைஃபிளில் கட்டை முழுவதும் ஒரே துண்டு. ரிசீவர் அதற்குள் படுத்திருக்கும், குழல் கட்டையைத் தொடாமல் தனியாக நீண்டு நிற்கும்படி செய்துவிடலாம். ஒற்றைத் தோட்டா ரைஃபிளில் ரிசீவர் நடுவில் குறுக்கே நிற்பதால் கட்டை இரண்டாகிறது. பின்கட்டை ரிசீவரின் பின்னால். முன்கட்டையைத் தாங்குவதற்குப் பெரும்பாலும் குழலைத் தவிர வேறு எதுவும் இல்லை. குழலின் அடியில் ஒரு குமிழ், அதில் ஒரு திருகு, அவ்வளவுதான் பிடிமானம். அதாவது இடது கையால் நீங்கள் பிடிப்பது கட்டையை அல்ல, கட்டை வழியாகக் குழலையே.

இதனால் என்ன? சுடும்போது குழல் அசையாமல் நிற்பதாக நினைக்கிறோம். ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பாருங்கள். 10 கிராம் குண்டு, அதன் பின்னால் 3 கிராம் மருந்து, 60 செ.மீ. குழல், மூன்றரைக் கிலோ ரைஃபிள். குண்டு குழலைக் கடக்க ஒரு மில்லி விநாடிக்குச் சற்று மேல் ஆகும். அதற்குள் ரைஃபிள் பின்னால் ஏறத்தாழ 2 மில்லிமீட்டர் நகர்ந்துவிடுகிறது. பின்கட்டை தோளில் படும் இடம் குழலின் அச்சுக்குக் கீழே இருப்பதால், அந்த உதை நேராகப் போகாமல் வாயை மேலே தூக்கவும் பார்க்கும். கூடவே குழல் தட்டிய கம்பிபோல அதிர்ந்துகொண்டிருக்கும். குண்டு வெளியேறும் அந்தக் கணத்தில் முன்வாய் எந்தப் பக்கம் பார்த்துக்கொண்டிருக்கிறதோ, குண்டு அந்தப் பக்கம் போகும்.

அதிர்வை நிறுத்த முடியாது, நிறுத்தவும் தேவையில்லை. ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி அதிர்ந்தால் போதும். முன்கட்டை ஒருமுறை இறுக்கமாகவும், ஒருமுறை தளர்வாகவும், ஈரம் குடித்து உப்பிய நாளில் ஒரு பக்கமாகவும் குழலை அழுத்தினால் அதிர்வு எப்படி ஒரே மாதிரி இருக்கும்? வயலின் தந்தியில் விரலை வெவ்வேறு இடத்தில் வைத்துக்கொண்டே ஒரே சுரம் வரவேண்டும் என்று எதிர்பார்ப்பதைப் போலத்தான்.

சரி, எப்படிக் கண்டுபிடிப்பது? ஒரு எழுதுதாளை நீளமாக வெட்டி, குழலுக்கும் முன்கட்டைக்கும் நடுவே முன் நுனியிலிருந்து நுழையுங்கள். ரிசீவரை நோக்கி மெல்ல இழுத்துக்கொண்டே வாருங்கள். தாள் எங்கே மாட்டுகிறது? இரண்டு பக்கமும் ஒரே இடத்தில் மாட்டுகிறதா, ஒரு பக்கம் மட்டுமா? ஒரு பக்கம் தாராளமாகப் போய், மறுபக்கம் நுனியிலேயே மாட்டிக்கொண்டால், குழலைக் கட்டை பக்கவாட்டில் நெட்டித் தள்ளிக்கொண்டிருக்கிறது. அப்புறம் முன்கட்டைத் திருகைத் தளர்த்தி, விரலால் குழலைத் தொட்டபடி மெதுவாக இறுக்குங்கள். இறுகும்போது குழல் அசைவதை விரல் நுனியில் உணர முடிந்தால், விடை கிடைத்துவிட்டது.

தீர்வு பல நேரம் அற்பமானது. குழல் கீலில் மடங்கித் திறக்கும் மடக்கு வகை ரைஃபிளில் முன்கட்டைத் திருகு ஏறும் குமிழின் மேல் ஒரு சிறு ரப்பர் ஓ-ரிங் போட்டு மறுபடி பூட்டுவார்கள். கட்டை குழலிலிருந்து இம்மியளவு விலகி, ஒரே புள்ளியில் மட்டும் மெத்தென்று தாங்கும். குழாய் வாஷர் விலையில் ஒரு பொருள், ஆனால் கையகலச் சிதறலைப் பாதியாக்கிய கதைகள் இந்த வகைக்காரர்களிடையே நிறைய உண்டு. எல்லா ரைஃபிளிலும் இப்படி நடக்கும் என்று நம்பிவிட வேண்டாம், செய்து பார்க்கச் செலவில்லை என்பதற்காகச் சொல்கிறேன். கட்டை இன்னும் உரசினால், உரசும் இடத்தை மட்டும் உருளைக் குச்சியில் சுற்றிய உப்புத்தாளால் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்த்து எடுக்கலாம். தேய்த்த மரத்துக்கு எண்ணெயோ வார்னிஷோ பூசாமல் விட்டால், அடுத்த மழைக்காலத்தில் ஈரம் குடித்துப் பழைய இடத்துக்கே வந்து நிற்கும்.

1960-களில் வந்த ரூகர் நம்பர் ஒன் ரைஃபிளில் ஏற்பாடு வேறு. ரிசீவரிலிருந்து குழலுக்கு அடியில் ஓர் எஃகுக் கை நீண்டு நிற்கும். முன்கட்டை அதில் பூட்டப்படும். பார்வைக்குக் குழலைத் தொடாத நல்ல ஏற்பாடு. ஆனால் தோட்டாவை வெடிக்கவைக்கும் சுத்தியலை இயக்கும் பெரிய ஸ்பிரிங்கும் அந்தக் கையில்தான் உந்தி நிற்கிறது. விசையை இழுத்ததும் சுத்தியல் பாய, ஸ்பிரிங் விரிய, அந்தக் கை அதிர, அதோடு கட்டையும் அதிர்ந்து குழலைத் தட்டும். இதற்கு அந்த ரைஃபிள்காரர்கள் கண்ட பழைய வைத்தியம், கையின் நுனிக்கும் குழலுக்கும் நடுவே ஒரு சிறு தகடு அல்லது திருகு வைத்து ஒரே அளவான அழுத்தம் கொடுப்பது. கவனித்தீர்களா? மடக்கு வகையில் அழுத்தத்தை நீக்குகிறோம், இதில் வேண்டுமென்றே கொடுக்கிறோம். இரண்டிலும் நோக்கம் ஒன்றுதான். திருகு வைத்துச் செய்தால் கால் சுற்று கால் சுற்றாகத் திருகி, ஒவ்வொரு நிலையிலும் கொத்து சுட்டுப் பார்க்கலாம். கொத்து ஓரிடத்தில் சுருங்கி மறுபடி விரியும். சுருங்கிய இடத்தில் நிறுத்திவிட வேண்டியதுதான்.

கட்டையைச் சரிசெய்த பிறகும் மறந்துபோகும் இன்னொன்று உண்டு: நீங்கள் தாங்கும் இடம். மணல்பையின் மேல் முன்கட்டையின் நுனியை வைத்து ஒருமுறை, ரிசீவருக்குப் பக்கத்தில் வைத்து ஒருமுறை சுட்டால், இரண்டு கொத்தும் வெவ்வேறு உயரத்தில் விழ வாய்ப்பு அதிகம். ரிசீவரை ஒட்டி வைப்பதே இந்த வகைக்கு நல்லது, குழலை வளைக்கும் நெம்பு குறையும். கட்டையில் ஒரு பென்சில் கோடு போட்டு, மணல்பையின் விளிம்பு எப்போதும் அந்தக் கோட்டில் வரும்படி வையுங்கள். குழலை மட்டும் எதன் மேலும் சாய்க்கக் கூடாது, வேட்டையில் அவசரத்துக்கு மரக்கிளை கிடைத்தாலும் சரி. நடுவில் உங்கள் கையை வையுங்கள். தோள்வாரைக் கையில் சுற்றி இறுக்கிச் சுடும் பழக்கம் உள்ளவர்களும் கவனிக்க வேண்டும். வாரின் முன்வளையம் குழலிலேயே பொருத்தப்பட்டிருந்தால், இறுக்கும் ஒவ்வொரு முறையும் குழலைக் கீழே இழுக்கிறீர்கள்.

பூட்டு சரியாக விழுகிறதா?

மடக்கு வகையில் குழல் ஒரு கீலில் தொங்கும், கதவு மாதிரி. மூடும்போது பின்னால் ஒரு தாழ்ப்பாள் விழும். கதவு தாழ் போட்ட பிறகும் கொஞ்சம் ஆடுகிறதே, அது மாதிரி இதுவும் ஆடலாம். குண்டின் அச்சு கீலுக்கு மேலே இருப்பதால், ஒவ்வொரு முறை சுடும்போதும் அழுத்தம் ரைஃபிளைத் திறக்கவே பார்க்கிறது. தாழ்ப்பாள்தான் அதைத் தடுத்து நிற்கும். அது ஒருமுறை முழுசாகவும் ஒருமுறை முக்கால்வாசியும் விழுந்தால், தோட்டாவின் முதுகுக்குக் கிடைக்கும் தாங்கலும் மாறும்.

இந்த வகையில் ஓர் ஆறுதல் உண்டு. ஸ்கோப் பெரும்பாலும் குழலின் மேலேயே பூட்டப்பட்டிருப்பதால், கீல் கொஞ்சம் ஆடினாலும் ஸ்கோப்பும் குழலும் சேர்ந்தே ஆடும், ஒன்றுக்கொன்று கோணம் மாறாது. அதனால்தான் தேய்ந்த கீலோடும் சில ரைஃபிள்கள் வியக்கும்படி சுடுகின்றன.

சோதிக்க, தாழ்ப்பாள் படும் எஃகு முகத்தில் மார்க்கர் பேனாவால் கறுப்பு பூசி, பத்துமுறை மூடித் திறந்து பாருங்கள். கறுப்பு எங்கே அழிந்திருக்கிறதோ அங்கேதான் தொடுகிறது. ஒரு மூலையில் மட்டும் பளபளத்தால் துப்பாக்கி பழுதுபார்க்கும் ஆயுதப் பணியாளரிடம் காட்டுங்கள். நீங்களே அரத்தை எடுக்க வேண்டாம். அங்கே சுரண்டிய எஃகு திரும்ப வராது, அதன் பின்னால் நிற்பது உங்கள் முகம். உங்கள் கையில் இருப்பது இரண்டுதான்: தாழ்ப்பாள் பள்ளத்தில் சேரும் பழைய கிரீஸையும் மருந்துக் கரியையும் துடைத்து வைப்பது, ஒவ்வொரு முறையும் ஒரே அளவு பலத்தோடு மூடுவது. ஒருமுறை பூப்போல மூடி, அடுத்தமுறை படாரென்று அடித்து மூடுபவரின் கொத்து இரண்டு கொத்தாகத் தெரிந்தால் வியப்பில்லை.

ஃபாலிங் பிளாக் வகையில் இந்தத் தொல்லை குறைவு. நெம்புகோலை இழுத்தால், பின்வாயை அடைக்கும் எஃகுக் கட்டி செங்குத்தான பள்ளத்தில் கீழே இறங்கும். மூடினால் சுவர் மாதிரி எழுந்து நிற்கும். ஜான் பிரௌனிங் 1879-இல் காப்புரிமை பெற்று, வின்செஸ்டர் நிறுவனம் 1885-இல் சந்தைக்குக் கொண்டுவந்த ரைஃபிள் இந்த வகைதான். இன்றும் அதன் உறுதியைக் குறைசொல்ல ஆளில்லை.

சூடும் முதல் குண்டும்

வேட்டை ரைஃபிளின் குழல் மெல்லியது, தூக்கிக்கொண்டு நடக்க வேண்டுமே. ஐந்து குண்டுகளை அடுத்தடுத்துச் சுட்டால் தொடமுடியாத அளவுக்குச் சூடேறும். சூடான எஃகு நீளும். அடியில் முன்கட்டை ஒரு புள்ளியில் பிடித்திருந்தால், நேராக நீள முடியாமல் வில்போல வளையும். நான் தொடக்கத்தில் சொன்ன காட்சி நினைவிருக்கிறதா? முதல் குண்டு சரி, இரண்டாவது மேலே, மூன்றாவது அதற்கும் மேலே. அது பெரும்பாலும் சூடுதான். நான்காவது மறுபடி கீழே விழுந்ததே, நடுவில் சுட்டவர் தேநீர் குடிக்கப் போயிருப்பார்.

எனவே கொத்து சுடும்போது பொறுமை வேண்டும். குழலைக் கையால் பிடித்தால் வெதுவெதுப்பு தெரிகிறதா, பொறுங்கள். ரைஃபிளைத் திறந்தபடி, வாய் மேலே பார்க்க நிறுத்தி வைத்தால் உள்ளே காற்று ஓடிச் சீக்கிரம் ஆறும். இரண்டு ரைஃபிள்களை மாற்றி மாற்றிச் சுடுபவர்கள் உண்டு, அது நல்ல பழக்கம்.

விசை, சுத்தியல், விரல்

விசையை இழுப்பதற்கும் மருந்து பற்றுவதற்கும் நடுவே சில மில்லி விநாடிகள் இருக்கின்றன. வெளியே தெரியும் பெரிய சுத்தியல் உள்ள மடக்கு வகையில் அந்த இடைவெளி போல்ட் ரைஃபிளைவிடக் கூடுதல். கனமான சுத்தியல் நீண்ட வளைவில் பாய்ந்துவந்து ஊசியைத் தட்ட வேண்டும். அந்த நேரத்துக்குள் உங்கள் கை அசைந்தால் அதுவும் இலக்கில் பதிவாகும். தொழிற்சாலை விசைகள் வேறு கரடுமுரடாக இழுக்கும். விசையை இலகுவாக்குவது நல்ல ஆயுதப் பணியாளரின் வேலை. காணொளி பார்த்து வீட்டில் ஸ்பிரிங் வெட்டிய ரைஃபிள், கீழே வைத்த அதிர்ச்சியிலேயே வெடிக்கக் கூடும்.

நீங்களாகச் செய்யக்கூடியது வெற்றுச் சுடுதல். அறை காலி என்று உறுதி செய்து, போலித் தோட்டா ஒன்றை வைத்து, பாதுகாப்பான திசையில் குறிபார்த்து விசையை அழுத்துங்கள். சுத்தியல் விழும் கணத்தில் ஸ்கோப்பில் தெரியும் குறுக்குக் கோடு துள்ளுகிறதா என்று பாருங்கள். துள்ளாமல் இருபது முறை இழுக்க முடிந்தால், பல கருவி மாற்றங்களால் கிடைக்காத பலன் அதில் கிடைத்துவிடும். நாளுக்குப் பத்து நிமிடம் போதும், குண்டுச் செலவும் இல்லை.

தோட்டாவில் ஒரு சலுகை

தாங்களே தோட்டா நிரப்பும் பழக்கமும் அனுமதியும் உள்ளவர்களுக்கு இந்த வகையில் ஒரு வசதி. போல்ட் ரைஃபிளின் தோட்டாப் பெட்டிக்கு ஒரு நீளம் உண்டு, அதற்கு மேல் தோட்டா நீண்டால் உள்ளே போகாது. இங்கே பெட்டியே இல்லை. குண்டைக் கொஞ்சம் வெளியே தள்ளி உட்காரவைத்து, குண்டைச் சுழலவைக்கும் குழலின் சுருள்வரிப் பள்ளங்களுக்குப் பக்கத்தில் கொண்டுபோகலாம். குண்டு தாவ வேண்டிய தூரம் குறைந்தால், அது நேராக நுழைய வாய்ப்பு கூடும். ஆனால் பள்ளத்தை முட்டும்படி வைத்தால் அழுத்தம் ஏறும், எனவே அளவுப் புத்தகம் சொல்லும் குறைந்த மருந்திலிருந்து தொடங்கித்தான் போக வேண்டும்.

வேகம் சீராக இல்லையே என்று கவலைப்படுபவர்களுக்கு ஒரு சின்ன ஆறுதல். விநாடிக்கு 850 மீட்டரில் போகும் குண்டு ஒருமுறை 15 மீட்டர் மெதுவாகப் போனால், 100 மீட்டர் இலக்கில் அது விழும் இடம் 3 மில்லிமீட்டர்கூடக் கீழே இறங்காது. 300 மீட்டரில்தான் 3 சென்டிமீட்டருக்கு அருகில் வரும். 100 மீட்டரில் 6 செ.மீ. மேலும் கீழும் சிதறினால், காரணத்தை வேகத்தில் தேடாதீர்கள்.

தாளைப் படிப்பது

சுட்டு முடித்த தாள் பேசும். மேலும் கீழுமாக ஒரே கோட்டில் துளைகள் என்றால் முன்கட்டை, சூடு, தாங்கும் இடம், மூச்சு. இடவலமாக நீண்டால் காற்று, விசை விரல், அல்லது முன்கட்டை ஒரு பக்கம் உரசுவது. ஐந்து துளைகள் மூன்றும் இரண்டுமாகத் தனித்தனிக் கொத்தாகப் பிரிந்து நின்றால், ஏதோ ஒன்றுக்கு உட்கார இரண்டு இடங்கள் இருக்கின்றன: தளர்ந்த ஸ்கோப் அடித்தளம், பாதி விழும் தாழ்ப்பாள், அல்லது ஸ்கோப்புக்குப் பின்னால் இரண்டு விதமாக வைக்கப்படும் உங்கள் தலை. தலையை மட்டும் அசைத்து, ரைஃபிள் அசையாமல், குறுக்குக் கோடு இலக்கின் மேல் நகர்கிறதா என்று பாருங்கள். நகர்ந்தால் கன்னம் ஒரே இடத்தில் படும்படி பழக வேண்டும்.

எந்த வடிவமும் இல்லாமல் உருண்டையாகச் சிதறினால்? அதுதான் கஷ்டமான விடை. தோட்டா ஒத்துப்போகவில்லை, குழல் தேய்ந்துவிட்டது, இல்லையென்றால் அந்த ரைஃபிளின் எல்லையே அதுதான்.

ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். ஓ-ரிங் போட்டு, ஸ்கோப்பையும் இறுக்கி, புதுத் தோட்டாவும் வாங்கிக்கொண்டு போய்ச் சுட்டால், கொத்து சுருங்கினாலும் எதனால் என்று தெரியாது. விரிந்தாலும் தெரியாது. ஒரு சின்ன நோட்டில் தேதி, தோட்டா, செய்த மாற்றம், கொத்தின் அகலம் என்று எழுதி வையுங்கள்.

கடைசியாக ஒரு தாள் மட்டும் தனியாக வேண்டும். வேட்டையில் ஐந்து குண்டுக் கொத்துக்கு இடமில்லை. இருப்பது ஒரு குண்டு, அதுவும் குளிர்ந்த குழலிலிருந்து. எனவே ஒரு புதுத் தாளை 100 மீட்டரில் ஒட்டி, ஒரே ஒரு குண்டு சுட்டுவிட்டுத் தாளைச் சுருட்டி எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த வாரம் அதே தாளை மறுபடி ஒட்டி, இன்னும் ஒன்று. துடைத்த குழலிலிருந்து ஒன்று, துடைக்காத குழலிலிருந்து ஒன்று, வெயிலில் ஒன்று, பனியில் ஒன்று. இரண்டு மாதத்தில் பத்துத் துளைகள் சேரும். காட்டுக்குப் போகும்போது எத்தனை தூரம்வரை விசையில் விரல் வைக்கலாம் என்பதை அந்தப் பத்துத் துளைகளின் அகலத்தைப் பார்த்துத்தான் நான் முடிவுசெய்வேன், மேசையில் சுட்ட அழகான கொத்தைப் பார்த்து அல்ல.